குதிரைக்கு விட்ட கரை

1669 ஆகஸ்டில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் பெயரில் காடுகளையும் நீர்நிலைகளையும் பற்றிய நீண்ட சட்டம் ஒன்று வெளிவந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் அமைச்சர் கோல்பேர். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, ஆற்றை மறித்துக் கட்டுவது என்று அடுக்கிக்கொண்டு போகும் விதிகளுக்கு நடுவே ஆற்றங்கரை நிலக்காரர்களுக்கும் ஒரு கட்டளை இருந்தது. படகு போகும் ஆறு உங்கள் நிலத்தை ஒட்டி ஓடினால், குதிரைகள் படகை இழுத்துச் செல்லும் பக்கத்தில் 24 அடி அகலத்துக்குக் கரையை விட்டுவிட வேண்டும். 30 அடிக்குள் மரமும் கூடாது, வேலியும் கூடாது. எதிர்க்கரையில் 10 அடி விட வேண்டும். மீறினால் 500 லீவ்ர் அபராதம்.

சைக்கிள் பிறக்க அப்போது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. ஆனாலும் இன்று பிரான்சிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் விடுமுறை நாளில் ஆற்றோரமாகச் சைக்கிள் மிதித்துப் போகிறவர்கள், முன்கூடையில் குட்டி நாயை உட்காரவைத்துக்கொண்டு போகிறவர்கள், பல இடங்களில் அந்தக் குதிரைகளுக்காக ஒதுக்கிய நிலத்தின் மேல்தான் போகிறார்கள். தார் போட்டது அண்மைக் காலத்தில். நிலத்தைக் காத்தது பழைய காலம். இந்தப் பாதைகளைச் சுற்றுலாத் துறை கண்டுபிடித்த புதுமை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவை வியர்வையும் கயிறும் சட்டமும் சேர்ந்து பொதுச் சொத்தாக வைத்திருந்த நிலம்.

நீராவிக்கு முன்னால் ஆற்றை எதிர்த்துச் சரக்குப் படகைக் கொண்டுசெல்லப் பாய், கம்பு, கயிறு ஆகிய மூன்றும்தான் கைகொடுத்தன. வளைந்து வளைந்து ஓடும் ஆற்றில் காற்று எப்போதும் ஒத்துழைக்காது. கம்பு ஊன்றித் தள்ள ஆழம் குறைவாக இருக்க வேண்டும். மிஞ்சியது கயிறு. படகிலிருந்து நீளும் கயிற்றின் மறுமுனை கரையில் நடக்கும் ஆளின் மார்புப் பட்டையிலோ குதிரையின் சேணத்திலோ முடியும். மேடும் பள்ளமுமான அந்தக் காலத்துச் சாலையில் ஒரு குதிரை ஒரு டன், மிஞ்சினால் இரண்டு டன் இழுக்கும். அதே குதிரை தேங்கிய கால்வாய் நீரில் முப்பது டன்னையும் அதற்கு மேலும் இழுத்துவிடும். நகரங்களும் அரசர்களும் வணிகர்களும் கால்வாய்களில் பணத்தைக் கொட்டியதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

குதிரை எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்திலும் மனிதக் கூலி அதைவிட மலிவாக இருந்த காலம் உண்டு. இல்யா ரேபின் 1870 முதல் 1873 வரை வரைந்த வோல்காப் படகிழுப்பவர்களின் ஓவியம் உலகறிந்தது. இங்கிலாந்தின் செவெர்ன் ஆற்றில் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து இழுத்தார்கள். பிரெஞ்சுக் கால்வாய்களில் படகோட்டியின் மனைவியும் பிள்ளைகளுமே பட்டையை மாட்டிக்கொண்டு இழுப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. சென்னையின் பக்கிங்காம் கால்வாயிலும் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் தோணியை இழுத்திருக்கிறார்கள். நிழற்படம் எடுக்க இன்று நாம் நிற்கும் அழகான கரைகளின் முதல் வரலாறு இதுதான். கரையின் பசுமையை மட்டும் பேசிவிட்டு அந்த மார்புப் பட்டைகளை விட்டுவிடுவது நியாயமாகாது.

டான்யூப் ஆறு எல்லாவற்றிலும் கடினம். வேகமான நீரோட்டம், சுழல்கள், வெள்ளத்தில் கரைந்துபோகும் கரை. உப்பும் தானியமும் மதுவும் ஏற்றிய படகுகளைத் தொடராகக் கட்டி மேல்நோக்கி இழுக்க அறுபது குதிரைகள் வரை பூட்டினார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் மேல் ஒருவர் என்ற அளவுக்கு ஆள் தேவைப்பட்டது. முன்னால் ஒருவர் ஆழமும் தடமும் பார்த்துக்கொண்டு போவார். படகு நீரோட்டத்தில் சிக்கித் திரும்பினால் கயிறு குதிரைகளையும் ஆட்களையும் சேர்த்து ஆற்றுக்குள் இழுத்துவிடும். அந்த நொடியில் கயிற்றை வெட்டக் கோடரி தயாராக இருக்க வேண்டும். ஒரு கரையில் பாறை குறுக்கிட்டால் குதிரைகளைப் படகில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டுவார்கள்.

இப்படி உருவான பாதைக்குச் சில குணங்கள் இருந்தன. ஏற்றம் இறக்கம் இராது. சுமை இழுக்கும் விலங்குக்குச் சரிவு ஆகாது. தண்ணீருக்கும் பாதைக்கும் நடுவே கயிறு மாட்டிக்கொள்ளும் மரமோ சுவரோ இராது. கூடிய மட்டும் பாலத்தின் அடியிலேயே பாதை நுழைந்து போகும், ஏனென்றால் மேலே ஏறி இறங்கினால் ஒவ்வொரு முறையும் கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டும். மணல் ஒட்டிய ஈரக் கயிறு பல ஆண்டுகள் உரசியதால் பழைய பாலங்களின் மூலைக் கற்களில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். சமதளம், திறந்த வெளி, குறுக்கே வண்டி வராத வழி. குதிரைக்காகச் செய்த இந்த மூன்றும் சைக்கிளுக்கும், அதன் கூடையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் நான்கைந்து கிலோ நாய்க்கும் அளவெடுத்தாற்போல் பொருந்திவிட்டன.

கயிற்றுப் படகைப் பொதுமக்களின் போக்குவரத்தாக மாற்றியவர்கள் டச்சுக்காரர்கள். 1632இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் நடுவே நேராக வெட்டிய கால்வாயில் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் நகரசபைகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, கடன் வாங்கி, 650 கிலோமீட்டருக்கு மேல் இத்தகைய கால்வாய்களையும் அவற்றின் ஓரப் பாதைகளையும் அமைத்தன. குதிரைமேல் ஒரு சிறுவன் உட்கார்ந்திருப்பான். மணிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வேகம். அது இன்று மந்தமாகத் தோன்றலாம். ஆனால் படகு மணியடித்தால் புறப்பட்டுவிடும், ஆள் நிறையட்டும் என்று காத்திருக்காது. பரபரப்பான தடங்களில் மணிக்கொரு படகு இருந்தது. சேறும் கொள்ளையும் தெரியாமல், புகையிலை பிடித்தபடி, அரசியல் பேசியபடி ஊர்போய்ச் சேரலாம். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இப்படி நேரம் தவறாத பொதுப் போக்குவரத்து வேறெங்கும் இந்த அளவில் இல்லை.

கால்வாய் திரும்பும் இடங்களில் கயிறு கரையை வெட்டாமல் இருக்கச் சுழலும் மரத்தூண்களை நட்டிருந்தார்கள். வடக்கு மாகாணங்களான கிரோனிங்கனிலும் ஃபிரீஸ்லாந்திலும் சிலவற்றை இன்னும் காத்து வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் போகிறவர்கள் அவற்றை ஏதோ பழைய கம்பம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

இனி நாய்கள்.

சரக்குப் படகில் இரவு முழுக்க யாரும் விழித்திருக்க முடியாது. துறையில் கட்டிய படகுக்குள் திருடன் ஏறலாம். தானிய மூட்டைகளை எலி குதறலாம். பெரிய நாயை வைத்துக்கொள்ள இடமும் இல்லை, போடச் சோறும் இல்லை. அதனால் சின்ன உடம்பும் பெரிய குரலுமுள்ள நாய் வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் அந்த வேலையைச் செய்தது ஷிப்பர்கே. கறுகறுவென்ற மயிர், நரி முகம், விறைத்த காது, பெரும்பாலும் வாலே இராது, எடை மூன்றிலிருந்து ஒன்பது கிலோவுக்குள். பிரஸ்ஸல்சுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் நடுவே ஓடிய படகுகளில் எலி பிடிக்கவும் காவல் காக்கவும் இருந்த நாய் அது. கரையில் செருப்புத் தைப்பவர்களும் அதை வளர்த்தார்கள். 1690இல் பிரஸ்ஸல்சின் பெரிய சதுக்கத்தில் அவர்கள் தங்கள் நாய்களுக்குப் பித்தளைக் கழுத்துப்பட்டை போட்டு அழகுப் போட்டி வைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1885இல் பெல்ஜிய அரசி மரி ஆன்ரியெட் ஒரு நாய்க் கண்காட்சியில் ஷிப்பர்கேயை வாங்கிய பிறகு, படகோட்டியின் நாய் பிரபுக்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. 1888இல் அதற்கென்று தனிச் சங்கமே அமைந்தது.

டச்சுப் படகுகளில் இருந்தது வேறொரு நாய். சாம்பல் நிற அடர்மயிரும் கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற கோடுகளும் கொண்ட கீஸ்ஹாண்ட். ஷிப்பர்கேயைவிடப் பெரியது, ஆனால் படகு வாழ்க்கைக்கு ஏற்ற சாந்தம் உடையது. 1780களில் அது அரசியலில் சிக்கிக்கொண்டது. ஆரஞ்சு வம்சத்து ஆளுநர் ஐந்தாம் வில்லியமை எதிர்த்த தேசபக்தர் அணியின் தலைவர்களில் ஒருவரான கோர்னேலிஸ் டி கெய்செலாரின் செல்லப் பெயர் கீஸ். அவருடைய அணிக்கு இந்த நாய் அடையாளமாயிற்று. எதிர் அணியான ஆரஞ்சுக்காரர்களுக்கு ஏற்கெனவே பக் நாய் இருந்தது. சப்பை மூக்கும் சுருண்ட வாலுமாக இருக்கும் அந்தச் சின்ன நாய் ஒருமுறை பகைவர் வருவதைக் குரைத்து உணர்த்தி வம்சத்தின் முன்னோரைக் காப்பாற்றியது என்பது அவர்கள் போற்றிய கதை. படகுத்துறையில் எந்த நாயோடு நிற்கிறார் என்பதைப் பார்த்தே ஒருவருடைய கட்சியைச் சொல்லலாம் என்ற நிலை.

அந்தச் சண்டையின் திருப்பம் நடந்ததும் ஒரு நீர்க்கரையில்தான். 1787 ஜூன் 28 அன்று ஆளுநரின் மனைவி இளவரசி வில்ஹெல்மினா தி ஹேக் நகருக்குப் போகும் வழியில் ஹூயான்வெர்வெல்லே மதகருகே தேசபக்தர் படையினரால் நிறுத்தப்பட்டார். அவருடைய அண்ணன் பிரஷ்ய மன்னர். செப்டம்பரில் பிரஷ்யப் படை உள்ளே வந்தது. தேசபக்தர்கள் சிதறி ஓடினார்கள். தோற்ற கட்சியின் நாயை வைத்திருப்பது ஆபத்தாகிவிட்டது. நகரத்துச் செல்வந்தர் வீடுகளிலிருந்து கீஸ்ஹாண்ட் மறைந்தது. படகோட்டிகளும் உழவர்களும் மட்டும் அதைக் கைவிடவில்லை. அவர்களுக்கு அது கட்சிக்கொடியாக இருந்ததில்லை, இரவுக் காவலாளாகவே இருந்தது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்த இனம் பிழைத்தது அவர்கள் தயவில்தான். 1920 வாக்கில் வான் ஹார்டன்புரூக் சீமாட்டி அதைத் தேடிப் போனபோது, ஆற்றுக்காரர்களிடம்தான் நல்ல வம்சம் மிஞ்சியிருந்தது. அரசாங்கங்களும் கல்விமான்களும் மறந்ததை எளிய மக்கள் தங்கள் தேவைக்காகக் காத்துக் கொடுத்திருப்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

நாயின் கதை இப்படியிருக்க, பாதையின் விதி நீதிமன்றங்களிலும் மாநாடுகளிலும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் 1789இல் பால் எதிர் ஹெர்பர்ட் என்ற வழக்கில் மன்னரின் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. படகு போகும் ஆறு என்பதாலேயே அதன் கரையில் நடந்து கயிறிழுக்கப் பொதுமக்களுக்கு மரபுச் சட்டத்தில் உரிமை கிடையாது என்றது அந்தத் தீர்ப்பு. கரை நிலக்காரருடையது. வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் கொண்டுவா, இல்லையேல் பணம் கொடு. தேம்ஸ் ஆற்றின் இழுவைப் பாதை கரைமாறிக் கரைமாறிப் போவதற்கு நிலக்காரர்களின் மறுப்பு ஒரு பெரிய காரணம். ஒரு பிரபுவின் தோட்டம் குறுக்கிட்டால் குதிரைகளைத் தோணியில் ஏற்றி அக்கரைக்குக் கடத்த வேண்டும். பிரான்சிலோ 1669இன் கட்டளை புரட்சியையும் பேரரசுகளையும் குடியரசுகளையும் தாண்டி நின்றது. பழைய அரச அடியில் 24 அடி என்பது 7.80 மீட்டர், 10 அடி என்பது 3.25 மீட்டர். இன்றைய பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பில் அந்த இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன. நெப்போலியனை வீழ்த்திய பின் 1815இல் கூடிய வியன்னா மாநாட்டின் இறுதி ஆவணத்தில் 113ஆவது பிரிவு, பல நாடுகளைத் தொட்டு ஓடும் ஆறுகளில் தன் எல்லைக்குள் உள்ள இழுவைப் பாதையைத் தன் செலவில் ஒவ்வொரு நாடும் பழுதுபார்த்து வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. நாடுகளின் எல்லைகளைக் கூட்டியும் குறைத்தும் வரைந்துகொண்டிருந்த அரசதந்திரிகள் குதிரை நடக்கும் மண்பாதைக்கும் ஒரு பிரிவு ஒதுக்கினார்கள். கோடையில் இன்று ரைன் கரையில் சைக்கிள் விடும் குடும்பங்கள் அந்தப் பிரிவுக்கும் கடன்பட்டவர்கள்.

மாநாடு முடிந்த மறு ஆண்டே முதல் நீராவிக் கப்பல் ரைனில் ஏறிக் கொலோன் நகருக்கு வந்துவிட்டது. டான்யூபில் 1829இல் நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கி, 1830இல் வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்குக் கப்பல் விட்டார்கள். நெதர்லாந்தில் 1839இல் முதல் ரயில் ஓடியதும் அதே ஆம்ஸ்டர்டாம்–ஹார்லெம் தடத்தில்தான். குதிரைக்காரர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1848 புரட்சி நாட்களில் ரைன் கரையில் இழுவைத் தொழிலாளர்கள் தங்கள் பிழைப்பைப் பறித்த நீராவி இழுவைக் கப்பல்களை நோக்கிச் சுட்டார்கள். நெக்கார் ஆற்றில் குதிரை இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. 1878இல் அங்கும் மன்ஹைமிலிருந்து ஹைல்பிரான் வரை ஆற்றடியில் இரும்புச் சங்கிலி போட்டு, அதைப் பற்றி ஏறிச் செல்லும் கப்பல் வந்துவிட்டது. அந்த ஆண்டு ஹைடல்பெர்க்கில் தங்கியிருந்த மார்க் ட்வைன் அந்தச் சங்கிலிக் கப்பலைப் பார்த்துத் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். குதிரை லாயங்கள் மூடின. கரையோரச் சத்திரங்கள் வெறிச்சோடின. பாதையில் புல் ஏறியது.

அதே மன்ஹைமில்தான், நெக்கார் ரைனில் கலக்கும் அந்த ஊரில்தான், 1817 ஜூன் 12 அன்று கார்ல் டிரைஸ் தன் இருசக்கர ஓட்ட வண்டியை வெளியே எடுத்தார். மிதிகட்டை இல்லை, காலால் நிலத்தை உந்திப் போக வேண்டும். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரிலிருந்த ஒரு சத்திரத்தைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டார். ஆனால் வண்டித் தடம் பதிந்து கிடந்த சாலையில் அதை ஓட்ட முடியாமல் மக்கள் நடைபாதையில் ஏற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மன்ஹைம் நகரம் நடைபாதையில் அதை ஓட்டத் தடை போட்டது. இருசக்கர வண்டி பிறந்த ஆறே மாதத்தில் அதற்கு ஓட வழியில்லை என்ற சிக்கலும் பிறந்துவிட்டது. சற்றுத் தள்ளி, நெக்கார் கரையில், சமதளமாக ஒரு பாதை இருந்தது. அதில் அப்போது குதிரைகள் நடந்துகொண்டிருந்தன.

சைக்கிளும் நாயும் நண்பர்களாகத் தொடங்கவில்லை. 1885இல் ஸ்டார்லியின் ரோவர் வண்டியும் 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்த பிறகு நகரத்தார் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் நாட்டுப்புறம் போனார்கள். பண்ணை நாய்கள் துரத்தின. இந்தத் தொல்லைக்காகவே 1890களில் பிரான்சில் கலான் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் 'வெலோ டாக்' என்ற சின்னக் கைத்துப்பாக்கியை விற்றார். சட்டைப்பையில் அடங்கும், விசை மடங்கி உள்ளே போகும். நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்காக மிளகாய்ப்பொடி அடைத்த தோட்டாவும் கிடைத்தது. அதே ஆண்டுகளில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பால் வண்டியை நாய்களே இழுத்தன. 1910இல் டச்சு நாடாளுமன்றம் வண்டி இழுக்கும் நாய்களுக்கென்று தனிச்சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அது பரவியிருந்தது. நாய் உழைக்கிற பிராணியிலிருந்து வீட்டுப் பிள்ளையாக மாறிய காலம் அது.

சைக்கிள் வேலைக்குப் போகும் வண்டியானதும் அதற்கு ஒரு பிரம்புக் கூடை சேர்ந்தது. ரொட்டிக்காரர், தபால்காரர், சந்தைக்குப் போகும் பெண் என்று எல்லார் வண்டியிலும் கூடை. அதில் நாயை வைத்துக்கொண்டு போகும் காட்சியை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது 1939இல் வந்த 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' திரைப்படம். அதில் டோட்டோ என்ற சிறுநாயை ஒரு கடுகடுத்த பெண்மணி சைக்கிளின் பின்கூடையில் அடைத்துக்கொண்டு போகிறார், அது மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்து ஓடி வீடு சேர்கிறது. டோட்டோவாக நடித்தது டெர்ரி என்ற கெய்ர்ன் டெரியர் இனப் பெண் நாய். ஜெர்மனியின் சாலை விதிகள் நாய்க்கு ஒரு தனிச்சலுகையே தருகின்றன. மோட்டார் வண்டியிலிருந்து எந்த விலங்கையும் கயிற்றில் பிடித்து ஓட்டிச் செல்லக் கூடாது. சைக்கிளிலிருந்தும் கூடாது, நாய் ஒன்றைத் தவிர.

கைவிடப்பட்ட இழுவைப் பாதைக்குத் தார் வந்தது சைக்கிளுக்காக அன்று. ஆற்றைப் பராமரிக்கும் துறைகளுக்குக் கரையைச் சோதிக்கவும் மதகுகளைப் பழுதுபார்க்கவும் வண்டி போக வழி வேண்டியிருந்தது. டான்யூபில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் நீர்மின் நிலையங்கள் வரிசையாக எழுந்தன. 1959இல் முடிந்த இப்ஸ்–பெர்சன்போய்க், 1964இல் அஷாக், 1982இல் மெல்க். அவற்றுக்காகக் கட்டிய கரைகளின் மேல் பணிச்சாலைகள் போடப்பட்டன. 1980களில் அந்தச் சாலைகளையும் பழைய குதிரைப் பாதைகளையும் இணைத்துப் பாசாவிலிருந்து வியன்னா வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடம் உருவாயிற்று. மூடும் நிலையிலிருந்த கரையோரச் சத்திரங்களுக்கு மறுபடி விருந்தினர் வந்தார்கள். இப்ஸ் அணையின் மேலேயே சைக்கிளை ஓட்டி ஆற்றைக் கடக்கலாம்.

ஆனால் அந்த அணை வரிசை எல்லையில்லாமல் நீளவில்லை என்பதும் இந்தப் பாதையின் வரலாற்றில் சேர்ந்ததுதான். 1984 டிசம்பர் குளிரில் ஹைன்பூர்க் அருகே அடுத்த அணைக்காக ஆற்றுக்காட்டை வெட்ட வந்தபோது ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தடுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1996இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. வியன்னாவுக்குக் கிழக்கே போகும் சைக்கிள்காரர்கள் வெள்ளத் தடுப்புக் கரையின் மேலிருந்து அந்தக் காட்டைப் பார்த்தபடியே போகிறார்கள். அன்று குளிரில் படுத்துக் கிடந்தவர்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்சி இல்லை.

பெல்ஜியத்தின் வலோனியா 1995இல் தன் இழுவைப் பாதைகளையும் பழைய ரயில் தடங்களையும் சேர்த்து 'ரவெல்' என்ற பெயரில் ஒரே வலையாக்கத் தொடங்கியது. அதே ஆண்டு பெல்ஜிய லிம்பர்கில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நிலக்கரிச் சுரங்கத்தின் இருட்டில் வழி காட்டப் பழகிய கை, சுரங்கங்கள் மூடிய பிறகு வெயிலில் சைக்கிள்காரர்களுக்கு வழி காட்டியது. எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், வரைபடம் வேண்டாம். நெதர்லாந்து அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இப்போது பிரெஞ்சு அட்லாண்டிக் கரையிலிருந்து ருமேனியாவின் கருங்கடல் கரை வரை 3,600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் யூரோவெலோ 6 என்ற தடம் லுவார், ரைன், டான்யூப் ஆறுகளையும் அவற்றுக்கு நடுவேயுள்ள கால்வாய்களையும் தொட்டுப் போகிறது.

பிரான்சில் இதற்கு இன்னொரு பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. 7.80 மீட்டர் நிலம் காக்கப்பட்டது உண்மை. ஆனால் அது படகுத் தொழிலுக்காகக் காக்கப்பட்ட நிலம், அனுமதியின்றிச் சைக்கிள் ஓட்ட இடமில்லை. நகராட்சிகளும் மாவட்டங்களும் நீர்வழித் துறையோடு ஒவ்வோர் இடத்துக்கும் ஒப்பந்தம் எழுதி, பராமரிப்பையும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட பிறகே பலகைகள் மாறின. எதிர்க்கரையின் 3.25 மீட்டர் பட்டை நெடுங்காலம் படகோட்டிகளுக்கும் மீனவர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. 2006 டிசம்பரில் வந்த தண்ணீர்ச் சட்டம் அதை நடந்து போகிறவர்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது. 1669இல் விதைத்தது 337 ஆண்டுகள் கழித்துக் காய்த்தது.

இப்படித் திறந்த பாதைகளில் பலரும் விரும்பிப் போகும் ஒன்று துலூசிலிருந்து கிளம்புகிறது. பியேர்-போல் ரிக்கே தன் செல்வத்தையெல்லாம் கொட்டி வெட்டி, தன் மரணத்துக்கு மறு ஆண்டான 1681இல் திறக்கப்பட்ட மிடி கால்வாயின் கரை அது. 240 கிலோமீட்டரில் துலூஸ் பக்கத்து முதல் 50 கிலோமீட்டர் அளவுக்குத் தார் போட்டிருக்கிறார்கள். நீள்வட்ட வடிவில் வளைந்த மதகுச் சுவர்கள், மதகுக்காவலர் வீடுகள், குதிரைகள் முகம் நுழைத்த தாழ்ந்த பாலங்கள் எல்லாம் பாதையோரத்திலேயே இருக்கின்றன. சைக்கிளில் நாயைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இங்கே தார் ஒரு கவலை. கோடையில் சுடும் தாரில் இறக்கிவிட்டால் சிறுநாயின் பாதம் பொத்துவிடும். ஓட்டத்தில் குளிர்ந்த காற்று படுவதால் ஓட்டுகிறவருக்குச் சூடு தெரியாது, கூடைக்குள் அசையாமல் இருக்கும் நாய்க்குத் தெரியும். அனுபவப்பட்டவர்கள் காலையிலேயே கிளம்பி, மதகுக்கு மதகு நிறுத்தித் தண்ணீர் காட்டி, நண்பகலுக்கு முன் நிழலில் ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்த நிழலுக்குத்தான் இப்போது ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையை வேரால் கட்டிப்பிடிக்கவும் குதிரைகளையும் பயணிகளையும் வெயிலிலிருந்து காக்கவும் மிடி கால்வாய் நெடுக நட்ட பிளேன் மரங்கள் ஏறத்தாழ 42,000. 2006இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் இருப்பது தெரிந்தது. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துச் சில ஆண்டுகளில் கொன்றுவிடும் நோய் அது. மருந்து கிடையாது. படகு உரசிய காயம் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுகிறது. நோய் கண்ட மரத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் வெட்டி அங்கேயே எரிப்பதைத் தவிர வழியில்லை. ஆயிரக்கணக்கான மரங்கள் போய்விட்டன. 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது இருந்த பசுங்கூரை பல இடங்களில் இன்று வெறும் வானம். நோயைத் தாங்கும் பிளேன் வகையையும், ஒரே இனத்தை நம்பி மறுபடி ஏமாறாமல் இருக்க ஓக், பாப்லர், லிண்டன் போன்ற பல வகை மரங்களையும் நட்டுவருகிறார்கள். பொதுமக்களும் நிறுவனங்களும் நன்கொடை தருகிறார்கள். இன்று நட்ட கன்று ஒரு சைக்கிள்காரருக்கும் அவர் கூடையிலிருக்கும் நாய்க்கும் சேர்ந்து நிழல் தர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். அதுவரை துலூசிலிருந்து கிளம்புகிறவர்கள் கூடைக்கு மேல் ஒரு துணிக்குடையும் கட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.